டீ நேரத்து இரும்பு மாத்திரை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் கேன்டீன் பக்கம் யாராவது உங்களிடம் சொல்லிச் சிரிக்கத்தான் போகிறார்கள். நானே சொல்லிவிட்டால் அந்தச் சிரிப்பில் பாதிப் பங்காவது எனக்குக் கிடைக்கும். பெண்களின் ரத்தசோகையை ஒழிக்கிறேன் பேர்வழி என்று, கம்பெனியின் அத்தனை தையல் லைன்களுக்கும் மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கவைத்தவன் நான்.

'இதில் என்ன தப்பு?' என்று புருவத்தைத் தூக்குகிறவர்கள் வெட்கப்பட வேண்டாம். நானும் உங்கள் கட்சிதான். கட்சிக்குத் தலைவரே நான்தான்.

நீங்களெல்லாம் சமூகப்பணி படித்துப் பட்டம் வாங்கி, கழுத்தில் அட்டை தொங்க வெல்ஃபேர் ஆபீசராக வந்திருக்கிறீர்கள். நான் செக்கிங் செக்‌ஷனில் ஓட்டைத் துணி பொறுக்கிக்கொண்டிருந்தவன். ஒருநாள் எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்து, "உங்கள் பெண் தொழிலாளர்களின் நலனைக் கவனிப்பது யார்?" என்று கேட்டார். முதலாளி திரும்பிப் பார்த்த திசையில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் தகுதி. பெண்கள் நலனைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். கேட்டால் "ஒன்னுமில்ல சார்" என்பார்கள். அவர்களே ஒன்றுமில்லை என்று சொல்லும்போது நான் என்னத்தைக் கவனிப்பது? நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் ஒரு முகாம் நடத்தி எல்லோருக்கும் ரத்தம் பார்த்தார்கள். லைன் லைனாகப் பெண்களுக்கு ரத்தம் குறைவு. மாத்திரை பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. எப்போது கொடுப்பது? மதியச் சாப்பாட்டுக்கு பெல் அடித்தால் ஹாஸ்டலுக்குப் போகிறவர்கள், வேப்பமரத்தடிக்குப் போகிறவர்கள், ஒதுக்குப்புறமாகப் போய் போன் பேசுகிறவர்கள் என்று ஆளாளுக்குச் சிதறிவிடுவார்கள். காலை டீக்கு மட்டும்தான் மெஷின் நின்று, எல்லோரும் அவரவர் இடத்திலேயே காகிதக் கப்போடு இருப்பார்கள். கண்டுபிடித்துவிட்டேன்! டீ வண்டிக்குப் பின்னாலேயே நான். கோயில் பூசாரி திருநீறு கொடுப்பதுபோலத் தட்டில் மாத்திரையை வைத்துக்கொண்டு, "முழுங்கு கண்ணு, முழுங்கு" என்று லைன் முழுக்க வலம் வந்தேன். அதைப் படமெடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். படத்தில் நான் முழுசாக இருந்தேன். மாத்திரை விழுங்குகிற பெண்ணுக்குக் கையும் கப்பும் மட்டும்தான் விழுந்திருந்தன.

சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். ஏறவே இல்லை. சிலருக்கு இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் மூளையுள்ளவன் டாக்டரைக் கேட்டிருப்பான். நான் பெண்களைச் சந்தேகப்பட்டேன். மாத்திரையைத் துப்பிவிடுகிறார்கள் என்று முடிவுகட்டி, மறுநாளிலிருந்து விழுங்கியதும் "ஆ காட்டு" என்று ஒவ்வொரு வாயையும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். ஃப்ளாட்லாக் தையல் மெஷினில் பேச்சியம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள். வாயை நன்றாகத் திறந்து காட்டிவிட்டுச் சொன்னாள்:

"அப்படியே பல்லையும் எண்ணிக்கிடுங்க சார். சாயந்தரம் போறப்ப ஒண்ணு கொறஞ்சா கம்பெனிதான் பொறுப்பு."

லைனே சிரித்தது. சிரிக்காமல் நின்றவர் அன்றைக்கு வந்திருந்த டாக்டரம்மா ஒருவர்தான். கம்பெனிக்கு அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். வெள்ளகோவில் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பம். பேச்சு வணக்கமாக இருக்கும், கத்தி உள்ளே இருக்கும்.

"ஏனுங்க, மாத்திரை எதுல முழுங்கறாங்க?"

"டீலதாங்க டாக்டர். சூடா, தொண்டைக்கு எதமா எறங்கீரும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீயோட துவர்ப்பு இரும்பைப் புடிச்சுக்குமுங்க. ஒடம்புல ஒட்ட உடாது. நீங்க சரக்கையும் அனுப்பி, அதைக் கேட்டுலயே மடக்கித் திருப்பி அனுப்பற ஆளையும் கூடவே அனுப்பிச்சிருக்கீங்க."

தட்டு என் கையில்தான் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டாரா? கழிப்பறைப் பக்கம் போனவர் கதவில் ஒரு போர்டைப் பார்த்துவிட்டார். 'தேவையில்லாமல் கழிப்பறைக்குச் செல்ல வேண்டாம்.' சூப்பர்வைசர்கள் புலம்பினார்கள் என்று நானே எழுதி மாட்டியது. எழுத்து அழகாக இருக்கிறது என்று அதுவரை எனக்குப் பெருமை வேறு.

"இங்க தேவையில்லாம போறவங்க யாருன்னு கொஞ்சம் காட்டுங்க. நான் பாக்கணும். இத்தன வருசத்துல அப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லீங்க."

அந்த போர்டுக்குப் பயந்து பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்பதும், நீர்க்கடுப்பு என்று அவரிடம் வருகிறவர்கள் பாதிப்பேர் என் கையெழுத்தின் ரசிகைகள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஸ்டூல் போட்டு ஏறி போர்டை நானே கழற்றினேன். கீழே நின்றவர்களில் ஒருத்தரும் கை தட்டவில்லை, அது ஒன்றுதான் மிச்சம்.

பிறகு டாக்டர் பேச்சியம்மாளை மருந்தறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் மூலையில் நின்றேன்.

"காலைல என்ன சாப்ட்ட கண்ணு?"

"டீ."

"அதுக்கு முந்தி?"

"சமையல் டாக்டர். அதுக்கு முந்தி தண்ணி புடிச்சேன்."

"சமைச்சதை யாரு சாப்ட்டா?"

"அவுக."

அவுக என்றால் அவள் கணவன் சுடலை. எங்கள் கம்பெனி வேன் டிரைவர். விடிந்ததும் ரூம் ரூமாகப் போய்ப் பெண்களை ஏற்றிவருவது அவன் வேலை. அவன் சூடாகத் தோசை தின்றுவிட்டு வண்டியை எடுப்பான். அவள் சட்டி கழுவி, இரண்டு டப்பா கட்டி, ஓடிவந்து அதே வண்டியில் ஏறுவாள். உள்ளே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் கதையும் அதுதான். வேன் நிறையப் பட்டினி. அது கேட்டுக்குள் வரும்போதெல்லாம் கைகாட்டி "குட்மார்னிங்" சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

"நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார் டாக்டர். நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். "சாருட்ட சொல்லட்டுமா?" என்று பேச்சியைக் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

கல்யாணமாகிச் சில வருடம் ஆகியும் குழந்தை இல்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை, இரண்டு மாதம், சிலசமயம் மூன்று மாதம் தள்ளிப்போகிறது. வந்தால் எழுந்து நிற்க முடியாத வலி. மாமியார் ஊரிலிருந்து வரப்போகிறாள். பேச்சியை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சுடலைக்கு அவன் மாமன் மகளைக் கட்டிவைக்கப் பேச்சு நடக்கிறது.

இதையெல்லாம் டாக்டர் சொல்ல, நான் சுவரிலிருந்த காலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு மயில்.

"மயிலு நல்லாத்தான் இருக்குதுங்க. இங்க பாருங்க" என்றார் டாக்டர். "கரண்ட்டு போயி ஜெனரேட்டர்ல டீசலும் கம்மியா இருந்தா, கம்பெனில எதை ஓட்டுவீங்க?"

"லைட்டு... தையல் லைனு."

"ஏசி?"

"முதலாளி ரூம்ல மட்டுங்க."

"அதேதான். தீனி பத்தாம, தூக்கம் பத்தாம, ஓவர்டைம் பாத்துட்டே இருந்தா ஒடம்பும் அப்படித்தான் கணக்குப் போடும். இதயத்தை ஓட்டும், மூளையை ஓட்டும். புள்ளை பெக்கற லைனை நிறுத்திப் போடும். இப்பத்திக்கு ஆகாதுன்னு." உடனே விரலை உயர்த்தினார். "இது ஒன்னேதான் காரணம்னு போயி மைக்குல சொல்லீராதீங்க. தைராய்டு பாக்கணும், ஸ்கேன் பாக்கணும். ரெண்டு பேரையும் பாக்கணும்."

"ரெண்டு பேரையுமா?"

"ஏனுங்க, கண்ணாலம் ஒருத்தரேவா பண்ணிக்கிட்டாங்க?"

அன்றைக்கு வீட்டுக்குப் போய், எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவியிடம் மெல்லக் கேட்டேன். "நீ காலைல எத்தன மணிக்குச் சாப்புடுவே?"

தோசைக்கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். அப்புறம் நெற்றியில் கை வைத்தாள். அவள் நெற்றியில் இல்லை, என் நெற்றியில்.

"ஏனுங்க, காய்ச்சல் கீச்சல் அடிக்குதுங்களா?"

"சொல்லு."

"துணி தொவைச்சு, பாத்தரம் வெளக்கி, மிச்சம் இருந்தா ஒரு பதினோரு மணிக்கு."

"மிச்சம் இல்லீன்னா?"

"டீ."

பெண்கள் நலனுக்கென்று சம்பளம் வாங்குகிறவன் வீட்டு லட்சணம் இது. கல்யாணத்திலிருந்து அவள் கையால் தின்கிறேன், அவள் எப்போது தின்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் ரத்தம் குறைவு என்று பிற்பாடு தெரிந்தது. நல்லவேளை, அவளுக்கு நான் மாத்திரை கொடுக்கவில்லை.

மறுநாள் முதலாளியிடம் போனேன். எட்டு மணிக்கே வேன்கள் வந்துவிடுகின்றன, லைன் ஓட எட்டரை ஆகிவிடும், அந்த அரை மணியில் ஒரு டிபன் போட்டுவிடலாம் என்றேன்.

"ஏப்பா, ஊட்டுல சாப்டாம வர்றதுக்குக் கம்பெனி என்னப்பா பண்ணும்?"

என் வீட்டுத் தோசைக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, எதையோ யோசித்து, போனைக் கையில் எடுத்து, யாருக்கும் அடிக்காமல் கீழே வைத்தார்.

"ஷிப்மெண்ட் போகட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றார்.

அந்த ஷிப்மெண்ட் வாரத்தில்தான் பேச்சியின் மாமியார் வந்து இறங்கினாள்.

கன்டெய்னர் வெளியே நிற்கிறது, பாதிப் பீஸ் இன்னும் லைனில். செக்யூரிட்டி ஓடிவந்து, "சார், சுடலை அம்மா வந்திருக்காங்க. மருமகளை வேலையிலிருந்து நிறுத்தி இன்னைக்கே ஊருக்குக் கூட்டிட்டுப் போகணுமாம்" என்றான். என் அறைக்கு வரவழைத்தேன். வெற்றிலைச் சிவப்பு வாய், முழங்கையில் தொங்கும் பை, நிமிர்ந்த நடை. பின்னால் தலையைத் தொங்கப்போட்டபடி சுடலை. கடைசியாகப் பேச்சி, தோளில் இன்னும் நூல் பிசிறு.

போனில் முதலாளி: "ஃப்ளாட்லாக் ஆளு ஒன்னையும் உட்றாதே. ஷிப்மெண்ட்டைக் காட்டி இங்கயே நிறுத்திப் போடு."

கண்ணுகளா, இந்த இடத்தில் எனக்கு எவ்வளவு சுலபமான வழி கிடைத்தது பாருங்கள். முதலாளி சொன்னதைச் செய்தால் பேச்சியும் நிற்பாள், முதலாளியும் மெச்சுவார். ஆனால் கன்டெய்னர் வெள்ளிக்கிழமை போய்விடும். சனிக்கிழமை என்ன சொல்வது? இந்த வேலையில் கைக்கு முதலில் வருகிற பதில் பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றத்தான் வரும். எதிரே நிற்கிறவளைக் காப்பாற்ற இல்லை.

இப்படிப் பெரிய மனுஷன் மாதிரி இப்போது பேசுகிறேனே, அன்றைக்கு நான் செய்தது என்ன தெரியுமா? உணவுப்பழக்கத்தைப் பற்றி மாமியாருக்குச் சொற்பொழிவு ஆற்றினேன். கீரை, பேரீச்சை, முட்டை, நிலக்கடலை, நேரத்துக்குத் தூக்கம். டாக்டரிடம் கேட்டது எல்லாவற்றையும் ஒரே மூச்சில். ஜெனரேட்டர் வரைக்கும் போய்விட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"அப்பம் நான் மருமவளுக்குச் சோறு போடாமப் பட்டினி போட்டேன்னு சொல்லுதீயளா?"

"ஐயோ, இல்லீங்கம்மா..."

"ஏலே சுடலை, கேட்டியாலே? பட்டினி போட்டாவளாம் உங்க அம்மை!"

போச்சு. சமாதானம் பண்ணப் போய் இரண்டாவது சண்டையைத் தொடங்கிவைத்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவளை உட்காரவைத்துவிட்டு, பேச்சியை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். அதுவரை அவளிடம் நான் ஒரு கேள்வி கேட்டதே இல்லை. வாயைத் திற என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"நீ என்ன சொல்றே? போறயா, இருக்கறயா?"

லைனில் என்னைக் கிண்டலடிக்கிறவள் புடவை நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குப் போவ வேண்டாம் சார். ஆனா நான் சொன்னேன்னு சொல்லிராதீய."

திரும்பி உள்ளே வந்தேன். அவள் சொன்னதைச் சொல்லக் கூடாது. ஷிப்மெண்ட்டையும் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. மிச்சம் இருந்தது டாக்டர் சொன்னது மட்டும்தான்.

"அம்மா, டாக்டர் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. பாதியில நிறுத்தக் கூடாது. இன்னும் டெஸ்ட் பாக்கி இருக்குது."

"அவளுக்குத்தான பாத்தாச்சு?"

"சுடலைக்குப் பாக்கலீங்களே."

சுடலை முதல்முறையாகத் தலையைத் தூக்கினான். மாமியார் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம்புள்ளைக்கு என்ன கொற? ஆம்பளைப் புள்ளைக்குப் போயி டெஸ்ட்டாம்லா!"

"கொறைன்னு சொல்லலீங்கம்மா. பாத்தாத்தானே இல்லைன்னு சொல்ல முடியும்?"

"யாராச்சும் பாப்பாவளா? நீரு பாப்பீரா?"

"பாப்பேனுங்க! இவன்கூட நானும் போறேன். நானும் டெஸ்ட் பண்ணிக்கறேன்."

எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இரண்டு பேரன்கள். சுடலைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. வாசலில் பேச்சியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினாள். மகன் சிரித்தபிறகு அம்மாவால் பழைய வேகத்தில் கத்த முடியவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

"பொங்கல் கழிஞ்சு வருவேன். அதுவரைதான். அப்பமும் ஒண்ணும் இல்லைன்னா கையோட கூட்டிட்டுப் போயிருவேன்" என்று எழுந்தாள். மருமகளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

கொடுத்த வாக்கு வாக்கு. சுடலையோடு லேபுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, ஹால் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"ஐயா, உங்களுக்குக் கல்யாணமாகி எத்தன வருசமா கொழந்தை இல்லீங்க?"

"எனக்கு ரெண்டு பேரன் இருக்கறாங்கம்மா."

"அப்பறம் எதுக்குங்க டெஸ்ட்டு?"

"தொணைக்கு."

ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் பெஞ்சில் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர். அன்றிலிருந்து கடைக்குப் போனால் கேட்காமலேயே பாதாம் பருப்பை எடுத்து நீட்டுகிறார்.

நான் டெஸ்ட் எடுத்தேனா என்பது உங்களுக்கு வேண்டாத விஷயம். சுடலை எடுத்தான். டாக்டர் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினார். சரிசெய்ய வேண்டியவை இரண்டு பேரிடமும் இருந்தன. அவனுக்குச் சொன்னதில் கொஞ்சம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அவனே வேனில் ஊரெல்லாம் சொன்னான். வாயில் ஒதுக்குகிற புகையிலையை விடணும். என்ஜின் சூட்டில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கக் கூடாது, நடுவில் எழுந்து நடக்கணும். அதற்குமேல் தெரிந்திருந்தாலும் சொல்லமாட்டேன். பேச்சி கதையைக்கூட அவளிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். நீங்களும் சொல்லக் கூடாது. நம் காதுக்கு வருகிறது நம் வாய்க்குப் போகக் கூடாத வேலை இது. வாய் கொஞ்சம் நீளமான எனக்கு இதில் ஏற்பட்ட கஷ்டம் எனக்குத்தான் தெரியும்.

ஷிப்மெண்ட் போனது. முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. காலை டிபன் ஆரம்பித்தோம். மாத்திரையை, மதியம் சாப்பிட்டு லைனுக்குத் திரும்பியதும் கொடுப்பது என்று மாற்றி, எலுமிச்சைச் சாறும் கூட வைத்தோம். டீக்கும் அதற்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டோம். முதல்நாள் இட்லி. கேமராக்காரரோடு கேன்டீன் வாசலில் நின்றேன். இந்தமுறை பெண்கள் முழுசாகப் படத்தில் வரணும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

ஒருத்தியும் சாப்பிடவில்லை.

வாங்கினார்கள். வாங்கிய இட்லியை அத்தனை பேரும் டப்பாவில் போட்டு மூடி, பையில் வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் பிள்ளைக்கு, புருஷனுக்கு, ரூமில் இருக்கும் தங்கச்சிக்கு. பேச்சி சுடலைக்கு எடுத்துவைத்தாள். காலையில் தோசை தின்றுவிட்டு வந்தவனுக்கு!

நானும் சும்மா விடுவேனா? டப்பாவில் போட முடியாதபடி மறுநாள் ராகிக் கூழ் ஊற்றச் சொன்னேன். தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரிசாப் பெண் ஒருத்தி பாட்டிலை என்னிடமே நீட்டி, "பைய்யா, டக்கன் டைட்" என்றாள். மூடியை இறுக்கிக் கொடுத்தேன்.

டாக்டரிடம் போய்ப் புலம்பினேன்.

"அவங்களுக்குத் தீனி குடுத்தா போதும்னு நெனைச்சீங்களா? தனியா திங்கறதுன்னா அவங்களுக்குத் திருட்டு மாதிரிங்க. மத்தவங்க சாப்ட்டாச்சுன்னு கண்ணுல பாத்தாத்தான் அவங்களுக்குத் தொண்டைல எறங்கும்."

அதற்கப்புறம்தான் வேன் டிரைவர்களுக்கும் டிபன் என்று ஆக்கினோம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களை ஒரே பெஞ்சில் உட்காரச் சொன்னோம். குழந்தைகளுக்கு வேண்டுமென்றால் போகும்போது தனியாக வாங்கிக்கொள்ளலாம், இங்கே வாங்குவது இங்கேயே தீரணும் என்றோம். சுடலை வீட்டில் தோசை கேட்பதை நிறுத்தினான். அவள் காலையில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினாள். சண்டைக்கும் சமாதானத்துக்கும் அவர்கள் கேன்டீன் பெஞ்சையே பயன்படுத்தினார்கள். என் மனைவிக்கும் இந்த முறையைக் கொண்டுவரப் பார்த்தேன். "மொதல்ல நீ சாப்புடு" என்று நான் கரண்டியை வாங்கினேன். நான் ஊற்றிய தோசையைப் பார்த்துவிட்டு அவள் டீயே போதும் என்றாள்.

சில மாதத்தில் பேச்சிக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது. ரத்தம் ஏறியது. இதை டாக்டர் சொல்ல, நான் காலண்டரைப் பார்க்காமல் கேட்டேன். என் முன்னேற்றத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

'சரி, குழந்தை பிறந்ததா?' என்றுதானே இப்போது எல்லோர் முகத்திலும் கேள்வி? சொல்லமாட்டேன். பிறந்தது என்று சொன்னால் நாளைக்கே நீங்கள் கேன்டீன் வாசலில் 'இட்லி சாப்பிடுங்கள், குழந்தை பெறுங்கள்' என்று போர்டு எழுதி மாட்டிவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும், நானும் அப்படிப்பட்ட ஆள்தான். பிறக்கவில்லை என்று சொன்னால் டிபனை நிறுத்திவிடலாம் என்று யாராவது முதலாளிக்கு யோசனை சொல்வார்கள். சாப்பாடு அவள் உடம்புக்குத் தெம்பு கொடுக்கும், வைத்தியத்துக்குக் கைகொடுக்கும். அதற்குமேல் அதற்கு உத்தரவாதம் எழுதித் தர டாக்டரே தயாராக இல்லை. நாம் டிபன் போட்டது அவளுக்குப் பசித்தது என்பதற்காக. அது போதாதா?

ஆனால் பொங்கல் கழிந்து மாமியார் சொன்னபடி வந்த காலையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

டிபன் நேரம். செக்யூரிட்டி வேர்த்து விறுவிறுத்து வந்தான். கேட்டில் நிற்கிறாளாம், போன தடவையைவிடப் பெரிய பையோடு. கூடவே ஊர்க்காரர்கள் இரண்டு பேர். மருமகளை உடனே வெளியே அனுப்பச் சொல்கிறாளாம், இல்லாவிட்டால் உள்ளே வந்து இழுத்துக்கொண்டு போவாளாம். எனக்கு ரத்தக்கொதிப்பு எகிறியது. ஷிப்மெண்ட்டும் இல்லை, பாக்கி டெஸ்ட்டும் இல்லை. சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை. டாக்டருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. செருப்பு ஒரு காலில் கழன்றதைக்கூடப் பார்க்காமல் கேன்டீனுக்கு ஓடினேன்.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பொங்கலும் சாம்பாரும். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னதும் சுடலை பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்தான். பேச்சி எழவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக் கீழே உட்காரவைத்தாள்.

"நான் என்னம்மா சொல்லட்டும்? நீ போவேன்னு சொல்றதா, மாட்டேன்னு சொல்றதா? நான் சொன்னதாச் சொல்றதா, நீ சொன்னதாச் சொல்றதா? டாக்டர் வேற போனை எடுக்கல. என்னதான் சொல்லட்டும் அவங்ககிட்ட?"

கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டு மென்று, விழுங்கி, தண்ணீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"தின்னுட்டு நானே வந்து பேசுதேன், நிக்கச் சொல்லுங்க."